ஒற்றியூர்ச் சாலையில் இராமலிங்கர்

நம் வட்டம் தொடங்கிய நாள்களில் திருக்கோகர்ணத்துக் கூட்டங்களுக்கு நடந்தே வந்த அன்பர் பலர். இன்று பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் வருகின்றனர். வழியில் கண்டது யாது என வினவினால் விடை சொல்லத் தயங்குகின்றனர். குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில், ஒரு பெருநகரை நாள்தோறும் நடந்து கடந்த கவிஞர் ஒருவரின் வாழ்வைக் கவிஞர்களாகிய நாம் நினைத்துப் பார்ப்பது தகும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இராமலிங்க அடிகள் 1823 அக்டோபர் 5ஆம் நாள் மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாய் மக்களோடு பொன்னேரிப் பக்கம் சென்று, பின்னர்ச் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறினார். தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவால் குடும்பம் காத்தவர். தம்பியைக் கற்பிக்க அவர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை கந்தகோட்டத்தில் நின்று பாடிக் கொண்டிருந்தது.

கந்தகோட்டம் கூப்பிடு தொலைவு. திருவொற்றியூரோ ஏறத்தாழ ஐந்து மைல். பன்னிரண்டாம் அகவை தொடங்கி, 1858இல் சென்னையை விட்டு நீங்கும்வரை, ஒற்றியூருக்கு நாளும் நடந்து சென்று வழிபட்டார் என வரலாறு எழுதியோர் கூறுவர். போகவர நாளொன்றுக்குப் பத்து மைல். பல்லக்கும் குதிரை வண்டியும் செல்வர்க்கு உரியனவாக இருந்த காலம் அது. ஒற்றியூருக்குச் செல்லும் வழிப்புறத்தேயுள்ள இராயபுரத்தில் 1856இல் புகைவண்டி புறப்படத் தொடங்கிற்று. நகரம் விரைவைக் கற்றுக்கொண்ட அந்நாளிலும் அவர் நடை மாறவில்லை. திருவருட்பாவின் முற்பகுதியில் ஒற்றியூர்ப் பாடல்கள் மிகுந்திருப்பதன் காரணத்தை அந்த ஐந்து மைலிலும் தேடலாம் என்பது என் கருத்து.

அவ்வழியைப் பற்றிய செவிவழிச் செய்திகள் இரண்டு. தேரடித் தெருவில் ஆடையின்றி இருந்த துறவியொருவர், போவோர் வருவோரையெல்லாம் மாடு என்றும் நாய் என்றும் குறிப்பிடுவாராம். இராமலிங்கரைக் கண்ட அன்றுதான் மனிதர் ஒருவர் போகிறார் என்றாராம். மற்றொன்று, வழிபாடு முடிந்து இரவு நெடுநேரம் கழித்துத் திரும்பியவர், அடைத்த கதவைத் தட்ட மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்தபோது, வடிவுடையம்மையே அண்ணியார் உருவில் வந்து அன்னமிட்டாள் என்பது. அற்புதத்தை நம்புவார் நம்புக. பத்து மைல் நடந்த கால்களும் ஒட்டிய வயிறுமாக ஓர் இளைஞர் இருளில் திண்ணையில் கிடந்தது எவரும் நம்பத்தக்கதே.

அவர் நடந்த முறையும் அறியத்தக்கது. வெண்துகிலால் உடல் முழுதும் போர்த்திக் கொள்வார். கைவீசி நடத்தல் செருக்கின் அடையாளமாகும் என நாணிக் கைகளைக் கட்டியே நடந்ததாகப் பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் அவரே விண்ணப்பிக்கிறார். தெருவில் தம் உடல் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று எண்ணி வெட்கிய கவிஞர் வேறு யாருளர்?

தலை தாழ்த்தி நடந்தாரேயன்றிக் கண்ணை மூடி நடந்தாரல்லர். வீடுதோறும் இரந்தும் பசி நீங்காது சோர்ந்தவரையும், நீடிய நோயால் வருந்தினோரையும், நீரின்றி வாடிய பயிரையும் கண்டு தாம் வாடியதைப் பிற்காலத்தில் பாடினார். எந்தத் தெருவில் எந்த ஊரில் கண்டார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இவை வண்டிக்குள் இருந்து காணும் காட்சிகள் அல்ல. ஒவ்வொரு வீட்டு வாயிலையும் மெல்லக் கடப்பவனுக்கே, அவ்வாயிலிலிருந்து வெறுங்கையோடு திரும்புபவனின் முகம் தெரியும்.

1858இல் தில்லைக்குப் புறப்பட்டவர் கருங்குழியில் தங்கினார். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அவ்வாண்டிலேயே தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின. நூலும் சோறும் ஓராண்டில் உலகுக்குக் கிடைத்தன. 1872இல் சத்திய ஞானசபை எழுந்தது. 1874 சனவரி 30 இரவு மேட்டுக்குப்பத்தில் திருவறைக்குள் புகுந்து கதவை அடைக்கச் செய்தார். பின்னர் அவரைக் கண்டார் இலர்.

அன்பர்க்கு அவர் வகுத்த நித்திய கரும விதியில், மாலை இளவெயில் உடலிற் படும்படி சிறிது உலாவுதலும் ஒரு கடமை. ஓடி நடத்தல் விலக்கப்பட்டது. மருத்துவர் இன்று கூறும் உலாவை அவர் வழிபாட்டோடு சேர்த்து வைத்தார்.

சோதியில் கலந்தவராக அவரைப் போற்றுகிறோம். சோதிக்கு முன்னே சாலை இருந்தது. வடலூரில் இன்றும் அணையாது எரியும் அடுப்புக்கு முதற்பொறி, ஒற்றியூரிலிருந்து பசியோடு திரும்பிய இரவுகளில் விழுந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அடுத்த கூட்டத்திற்கு நம்மில் சிலரேனும் நடந்து வருவோமாயின், வழியில் நின்ற ஒரு முகமாவது நம்முடன் கவிதைக்குள் வந்து சேரும்.