மன்னரின் கணக்கை வெளியிட்ட நெக்கர்

பிரெஞ்சுப் புரட்சி என்றவுடன் பாஸ்தில் கோட்டையும் கில்லட்டின் இயந்திரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அக்கோட்டை விழுவதற்கு இரண்டு நாள் முன்னர், பாரிஸ் மக்கள் மெழுகாலான ஓர் உருவத்தைத் தூக்கிக்கொண்டு வீதிகளில் ஊர்வலம் வந்தனர். நாட்டின் வரவு செலவைப் பார்த்துவந்த ஓர் அமைச்சரின் உருவம் அது. ஜாக் நெக்கர் என்னும் அவருடைய வரலாற்றைச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

நெக்கர் 1732-ஆம் ஆண்டு ஜினீவா நகரில் பிறந்தவர். இளமையிலேயே பாரிஸ் சென்று ஒரு வங்கியில் குமாஸ்தாவாக அமர்ந்தார். குமாஸ்தா என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அவர்பால் ஒரு தனிப்பற்று உண்டாவது இயல்பே! சில ஆண்டுகளில் வங்கியின் கூட்டாளியாகிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகிகளுள் ஒருவராகவும் விளங்கினார். 1761-இல் ஆங்கிலேயரிடம் புதுச்சேரியைப் பறிகொடுத்து, பின்னர் இடிபாடுகளாகவே திரும்பப் பெற்ற கம்பெனி அது. 1769-இல் அதன் தனி வாணிப உரிமையை அரசு நிறுத்த முனைந்தபோது, நெக்கர் கம்பெனிக்காக வாதாடித் தோற்றார். அவருடைய மனைவி சூசன் அம்மையார் 1778-இல் நிறுவிய மருத்துவமனை இன்றும் பாரிஸ் நகரில் நெக்கர் என்ற பெயரோடு நடந்துவருகிறது.

அக்காலத்துப் பிரான்சின் நிலையைச் சிறிது காண்போம். மன்னர் பதினாறாம் லூயி தெய்வத்தின் அருளால் ஆள்பவர். அவர் எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பிரபுக்களுக்கு முக்கியமான நிலவரி கிடையாது. திருச்சபையோ தானே மனமுவந்து அளிக்கும் நன்கொடையோடு நின்றுவிடும். உப்பு வரி உட்பட எல்லாச் சுமையும் உழவன் முதுகின்மேல் ஏறியது. நெக்கர் 1777-இல் நிதித் துறையின் தலைவரானார். புராட்டஸ்டண்டு கிறிஸ்தவராதலின் அமைச்சருக்குரிய முழுப் பட்டம் அவருக்குத் தரப்படவில்லை. அவரும் ஊதியம் வேண்டாமென்றார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு இறங்கியபோது, புதிய வரி போடாமல் கடன் வாங்கியே போரை நடத்தினார்.

1781 பிப்ரவரியில் அவர் செய்த காரியந்தான் அவரை வரலாற்றில் நிறுத்தியது. மன்னருடைய வரவு செலவை அச்சிட்டு மக்களிடையே வெளியிட்டார். அரண்மனைக்கும் பிரபுக்களின் உபகாரச் சம்பளங்களுக்கும் எவ்வளவு பணம் போகிறதென்பதைத் தெருவில் போகிறவனும் படித்தான். ஆனால் பேரேடுகளோடு வாழ்நாளைக் கழிக்கும் எம்போன்றோர் அக்கணக்கைக் கூர்ந்து நோக்க வேண்டும். வரவு 26 கோடியே 40 லட்சம் லீவர், செலவு 25 கோடியே 40 லட்சம், மிச்சம் ஏறத்தாழ ஒரு கோடி என்று காட்டியிருந்தார். போர்ச் செலவு அதில் சேரவில்லை! வழக்கமான செலவு வேறு, அசாதாரணச் செலவு வேறு என்று பிரித்து, பின்னதை விட்டுவிட்டார். எண்களில் பொய் இல்லை. ஆயினும் படித்தவர் மனத்தில் பொய் பதிந்தது. கடன் கொடுப்போரின் நம்பிக்கையைக் காக்கவே அவ்வாறு செய்தார் என்பது நம் கருத்து. அரண்மனையின் பகை மூண்டதால், அவ்வாண்டு மே மாதமே அவர் பதவி விலக நேர்ந்தது.

பின்வந்த அமைச்சர்கள் பற்றாக்குறையைச் சொன்னபோது நாடு நம்பவில்லை. நெக்கர் காட்டிய மிச்சம் எங்கே போயிற்று என்றே அனைவரும் கேட்டனர். 1788-இல் அரசின் செலவில் பாதி கடன் தவணைக்கும் வட்டிக்குமே போய்விட்டது. கஜானா வற்றியது, ஆகஸ்டில் நெக்கரை மீண்டும் அழைத்தனர். அவ்வாண்டு கோடையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்திருந்தது; தொடர்ந்து வந்த குளிரோ மிகக் கொடியது. கூலியில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே போயிற்று.

175 ஆண்டுகளாகக் கூடாதிருந்த மக்கள் மன்றம் 1789 மே 5 அன்று கூடியது. பொதுமக்களின் பிரதிநிதிகளை இருமடங்காக்கச் செய்தவர் நெக்கரே. ஆனால் தலைக்கு ஒரு வாக்கா, வகுப்புக்கு ஒரு வாக்கா என்பதை அவர் முடிவு செய்யாமல் விட்டார். மணிக்கணக்காக நீண்ட அவருடைய உரையில் கணக்கு நிறைய இருந்தது. சபையோர் காத்திருந்த விடை இல்லை. குழப்பம் அங்கிருந்தே முற்றியது. ஜூலை 11 அன்று மன்னர் அவரை நீக்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செய்தி பாரிசை எட்ட, மேலே சொன்ன ஊர்வலம் எழுந்தது. செவ்வாயன்று பாஸ்தில் விழுந்தது. அஞ்சிய மன்னர் நெக்கரை மூன்றாம் முறையாக அழைத்துக்கொண்டார்.

அதன்பின் புரட்சி அவரைக் கடந்து ஓடிவிட்டது. பிரபுக்களின் சலுகைகள் ஆகஸ்டு 4 இரவிலேயே ஒழிந்தன. 26-ஆம் நாள் மனித உரிமைப் பிரகடனம் பிறந்தது. அக்கனல் கடல் கடந்தும் பரவியது. ஹெயிட்டித் தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-இல் சுதந்திர நாடு கண்டனர். இன்று நாம் சரக்குச் சீட்டில் எழுதும் கிலோகிராமும், தண்டவாளத்தை அளக்கும் கிலோமீட்டரும் புரட்சி அரசு 1795-இல் சட்டமாக்கிய அளவுகளே.

நெக்கரோ காகிதப் பணத்தை அளவின்றி அச்சிடுவதை எதிர்த்துத் தோற்று, 1790 செப்டம்பரில் விலகினார். அவர் உருவத்தைச் சுமந்த மக்களின் நாட்டிலே, ஊர் திரும்பும் வழியில் அவரையே மறித்துக் காவலில் வைத்தனர், பின்னரே போகவிட்டனர். ஜினீவா ஏரிக்கரையிலுள்ள கொப்பே கிராமத்தில் எழுதிக்கொண்டே எஞ்சிய காலத்தைக் கழித்து, 1804-இல் காலமானார். தம் சொந்தப் பணம் 20 லட்சம் லீவரை அவர் பிரெஞ்சுக் கஜானாவிலேயே கடனாக விட்டு வந்திருந்தார். புரட்சி அரசு அதைத் தரவில்லை, நெப்போலியனும் தரவில்லை. கொல்லப்பட்ட மன்னரின் தம்பி பதினெட்டாம் லூயி அரியணை ஏறிய பிறகே, அத்தொகை அவருடைய மகள் ஸ்டேல் அம்மையார் கைக்கு வந்து சேர்ந்தது.