சாப்பாட்டு மேஜையில் ரயில் விட்ட மகாராஜா



நம்ம சுவர் இதழில் காந்தி, நேரு, காமராஜர், கலாம் பற்றி எல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் இந்த முறை ஒரு ராஜாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் சண்டை போட்டுப் பேர் வாங்கின ராஜா இல்லை. ரயில் விளையாட்டில் பேர் வாங்கின ராஜா! குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியாதான் அவர். நம்ம கொல்லிமலையில் ரயில் கிடையாது. ரயில் பார்க்கணும்னா 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கீழே போகணும். நாமக்கல்லுக்கே 2013இல்தான் ரயில் வந்தது. அதனால் நமக்கெல்லாம் ரயில் என்றாலே ஓர் ஆசைதான். வாங்க, படிப்போம்.

பிறப்பும் இளமையும்

மாதவராவ் 1876ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி பிறந்தார். அப்பா ஜயாஜிராவ் சிந்தியா. அம்மா சக்யா ராஜே. குவாலியர் இப்போ மத்தியப் பிரதேச மாநிலத்தில் இருக்கு. அந்தக் காலத்தில் அது தனி சமஸ்தானம்.

அப்பாவுக்கே ரயில் மேல் அக்கறை உண்டு. ஆக்ராவில் இருந்து குவாலியருக்கு ரயில் பாதை போடப் பணம் கொடுத்து உதவினார். 1881இல் அந்தப் பாதையில் ரயில் ஓடியது. அப்போ மாதவராவுக்கு வயசு 5 கூட முடியவில்லை. புகை விட்டுக்கொண்டு ஊருக்குள் முதல் ரயில் வந்தால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது?

1886இல் அப்பா இறந்துவிட்டார். 9 வயசுப் பையன் மகாராஜா ஆகிவிட்டார்! நம்ம ஊரில் அந்த வயசில் நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு படிப்போம். ஆனால் ஆட்சி உடனே அவர் கைக்கு வரவில்லை. பெரியவர்கள் அடங்கிய சபை நாட்டைப் பார்த்துக்கொண்டது. 1894இல், 18 வயசு ஆனதும்தான் முழு அதிகாரம் அவரிடம் கொடுக்கப்பட்டது.

வெள்ளி ரயில்

குவாலியரில் ஜெய் விலாஸ் என்ற அரண்மனை இருக்கு. 1874இல் அவருடைய அப்பா கட்டியது. அங்கே விருந்து மண்டபத்தில் நீளமான சாப்பாட்டு மேஜை. அந்த மேஜை மேலே தண்டவாளம் போட்டு, வெள்ளியால் செய்த குட்டி ரயில் விட்டார் மகாராஜா! இங்கிலாந்தில் செய்யச் சொல்லி வாங்கிய ரயில் அது. மின்சாரத்தில் ஓடும்.

எஞ்சின் முன்னால் போக, பின்னால் 7 வண்டிகள். சிந்தியா என்ற பேரை ஆங்கிலத்தில் எழுதினால் 7 எழுத்து வரும். வண்டிக்கு ஓர் எழுத்து! விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பானங்கள், பலகாரம், சுருட்டு எல்லாம் ரயிலில் ஏறி ஒவ்வொருவர் முன்னாலும் வரும். யாராவது பாட்டிலைத் தூக்கினால் ரயில் அங்கேயே நின்றுவிடும். திரும்ப வைத்தால்தான் கிளம்பும். பரிமாற ஆள் வேண்டாம். இந்த ரயிலை இப்பவும் குவாலியர் அரண்மனை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இது எப்படி ஓடும் என்று யோசிக்கிறீர்களா? மாதிரி ரயில்கள் பெரும்பாலும் ஓடுவது இப்படித்தான். இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் போகும். ஒன்று நேர்மின், இன்னொன்று எதிர்மின். சக்கரம் வழியாக மின்சாரம் எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன மோட்டாருக்குப் போகும். சுற்று முழுமையானால் ஓடும், அறுந்தால் நின்றுவிடும். கம்பியை மாற்றிக் கொடுத்தால் ரயில் பின்னோக்கிப் போகும். இப்போ வீட்டில் விடும் மாதிரி ரயிலுக்கு 12 வோல்ட் போதும். அறிவியல் பாடத்தில் மின்சுற்று படிக்கிறோமே, அதேதான்!

அரண்மனையில் இருந்து ஊருக்குள்

மேஜை ரயிலோடு அவர் ஆசை நிற்கவில்லை. சொல்லப்போனால் மேஜை ரயிலுக்கு முன்னாடியே அவர் பெரிய விளையாட்டு ஒன்று ஆரம்பித்துவிட்டார். 1890களில் அரண்மனை வளாகத்திலேயே சின்னத் தண்டவாளம் போட்டு ரயில் விட்டார். ஆள் ஏறிப் போகிற நிஜ ரயில். மகாராஜாவே எஞ்சின் ஓட்டுவார்.

அந்தத் தண்டவாளத்தின் அகலம் 610 மில்லிமீட்டர். நம்ம பெட்டியில் இருக்கிற 30 செ.மீ. ஸ்கேல் இரண்டை நீட்டி வைத்துப் பாருங்கள், கூட ஒரு சென்டிமீட்டர். அவ்வளவுதான்! நாமக்கல்லில் ஓடும் பெரிய ரயிலின் பாதை 1,676 மில்லிமீட்டர். அதற்கு ஐந்தரை ஸ்கேல் வேண்டும். டார்ஜிலிங் மலை ரயிலும் 610 மில்லிமீட்டர்தான். நம்ம ஊட்டி ரயில் 1,000 மில்லிமீட்டர்.

பாதை குறுகலாக இருந்தால் நல்லது என்ன? தண்டவாளம் லேசாக இருந்தால் போதும். பாலம் சின்னதாகக் கட்டலாம். வளைவுகளில் சட்டென்று திரும்பும். செலவு குறைவு. அதனால் பெரிய ரயில் போடக் கட்டுப்படியாகாத கிராமங்களுக்கும் சின்ன ரயில் போடலாம். கெட்டது என்னன்னா, வேகமாகப் போகாது, நிறைய சுமை ஏற்ற முடியாது.

மகாராஜா அரண்மனையில் விட்ட சின்ன ரயிலை ஊருக்கு வெளியே நீட்டினார். 1899இல் பிந்த் என்ற ஊருக்கும் சிவபுரிக்கும் பாதை போனது. அந்த 1899, 1900ஆம் ஆண்டுகளில் மேற்கு, மத்திய இந்தியாவில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம். ஓர் ஊரில் தானியம் இருந்தாலும் பசித்த ஊருக்குக் கொண்டுபோக வண்டி வேண்டுமே! ரயில் ஏன் முக்கியம் என்று அப்போ எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

பிறகு 1904இல் மேற்குப் பக்கம் சபல்கர் வரைக்கும், 1909இல் சியோபூர் வரைக்கும் பாதை போனது. குவாலியரில் இருந்து சியோபூருக்கு 199 கிலோமீட்டர். இரண்டு அடி அகலப் பாதையில் உலகத்திலேயே மிக நீளமான ரயில்களில் ஒன்று என்று இது பேர் வாங்கியது. சியோபூர் பக்கம் சகாரியா என்ற பழங்குடி மக்கள் நிறைய இருக்கிறார்கள். நம்ம மலையாளி மக்கள் மாதிரி காட்டையும் காட்டில் கிடைப்பதையும் நம்பி வாழ்ந்தவர்கள். 2022இல் நமீபியாவில் இருந்து சிவிங்கிப்புலி கொண்டுவந்து விட்டாங்களே குனோ காடு, அதுவும் அந்த மாவட்டம்தான்.

மற்ற பணிகள்

மகாராஜா ரயில் மட்டும் விட்டுக்கொண்டு இருந்தார் என்று நினைக்காதீர்கள். 1897இல் குவாலியரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். முதலில் சர்தார்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இப்போ அது சிந்தியா பள்ளி என்ற பேரில் கோட்டைமேல் நடக்கிறது. 1900இல் சீனாவில் போர் நடந்தபோது தன் செலவில் ஒரு மருத்துவமனைக் கப்பல் கொடுத்தார். 1916இல் குவாலியர் பக்கத்தில் திக்ரா அணை கட்டப்பட்டது. தண்ணீர் ஏறினால் தானே திறக்கும் மதகு ஒன்றை விஸ்வேஸ்வரய்யா கண்டுபிடித்தார் இல்லையா, அந்த மதகு இந்த அணையிலும் வைக்கப்பட்டது.

ஆங்கிலேயருக்கு அவர் ரொம்ப நெருக்கம். மகனுக்கு ஜார்ஜ் ஜீவாஜிராவ் என்றும் மகளுக்கு மேரி கமலா ராஜே என்றும் பேர் வைத்தார். ஜார்ஜ், மேரி என்பது அப்போதைய இங்கிலாந்து ராஜா ராணி பேர். சுதந்திரப் போராட்டம் படித்த நமக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனாலும் வாழ்க்கை வரலாறு என்றால் நல்லது மட்டும் எழுதக் கூடாது, இருப்பதை எழுதணும்.

மறைவும் அதற்குப் பிறகும்

1925ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் மகாராஜா காலமானார். அப்போ வயசு 48தான். சிவபுரியில் அவருக்கும் அவர் அம்மாவுக்கும் பளிங்கு நினைவு மண்டபம் இருக்கிறது. மகன் ஜீவாஜிராவுக்கு அப்போ 9 வயசு கூட நிறையவில்லை. அப்பா மாதிரியே மகனும் சின்ன வயசிலேயே ராஜா ஆனார்.

சுதந்திரம் வந்த பிறகு, 1951இல் குவாலியர் ரயில் எல்லாம் இந்திய ரயில்வேயோடு சேர்ந்துவிட்டது. இன்னொரு ஆச்சரியம் கேளுங்க. ஜீவாஜிராவின் மகனுக்குத் தாத்தா பேரையே வைத்தார்கள், மாதவராவ் சிந்தியா. அந்தப் பேரன் 1986 முதல் 1989 வரை ரயில்வே இணை அமைச்சராக இருந்தார்! அவர் காலத்தில்தான் 1988இல் சதாப்தி எக்ஸ்பிரஸ் வந்தது. தாத்தா விட்டது நாட்டிலேயே சின்ன ரயில். பேரன் விட்டது வேகமான ரயில்.

சியோபூர் ரயில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. உள்ளே இடம் இல்லாமல் கூரை மேலே எல்லாம் ஜனங்கள் உட்கார்ந்து போவார்கள். 199 கிலோமீட்டர் போக ஒரு பகல் முழுக்க ஆகும். ஆனாலும் ஏழை ஜனங்களுக்கு அதுதான் வண்டி. 2020இல் கொரோனா வந்தபோது அந்த ரயில் நிறுத்தப்பட்டது. அப்புறம் ஓடவே இல்லை. அதற்குப் பதில் அகலப் பாதை போடும் வேலை ஆரம்பித்தார்கள்.

என் சிந்தனை

இந்த மகாராஜா வரலாற்றைப் படித்தால் ஒரு கேள்வி வரும். ஜனங்கள் கஷ்டப்படும் காலத்தில் வெள்ளியில் ரயில் செய்து மேஜையில் ஓட்டுவது நியாயமா? வரிப் பணம் யாருடையது? என்னைக் கேட்டால் அது நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன். வெள்ளி ரயில் சாப்பாடு கொண்டுபோனது வயிறு நிறைந்தவர்களுக்கு. ஆனால் அதே மனுஷருடைய அதே விளையாட்டு ஆசையில் வந்த சின்ன ரயில், கிராமத்து ஜனங்களை நூறு வருஷம் சுமந்தது. ஆசை ஒன்றுதான், போய்ச் சேர்ந்த இடம் வேறு. வெள்ளி ரயிலைக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கலாம். சின்ன ரயில் நின்றபோது வருத்தப்பட ஆயிரக்கணக்கான பேர் இருந்தாங்க. எது பெரிய ரயில் என்று நீங்களே சொல்லுங்க.

இன்னொன்றும் சொல்லணும். விளையாட்டு என்றால் வெட்டி வேலை என்று வீட்டில் திட்டுவார்கள். மாதிரி ரயில் செய்வது உலகம் முழுக்கப் பெரியவர்களும் செய்கிற பொழுதுபோக்கு. புனே நகரத்தில் குட்டி ரயில்களுக்கென்றே ஜோஷி அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது. சென்னையில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ரயில் அருங்காட்சியகத்திலும் மாதிரி ரயில்களைப் பார்க்கலாம். அதில் கணக்கு இருக்கு. நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு என்பது ரொம்பப் பேர் வைத்துக்கொள்ளும் அளவு. 21 மீட்டர் நீளப் பெட்டி அந்த அளவில் 24 சென்டிமீட்டர் ஆகிவிடும், நம்ம ஸ்கேலை விடச் சின்னது! ஒரு கிலோமீட்டர் பாதை பதினொன்றரை மீட்டர் ஆகிவிடும், நம்ம வராண்டாவில் போட்டுவிடலாம். மின்சுற்று அறிவியல், மலையும் ஊரும் செய்வது ஓவியம், எல்லாம் அதில் வந்துவிடும்.

நம்ம வீடுகளில் திருவிழாக் கடையில் பையன்களுக்கு வண்டி வாங்கிக் கொடுப்பார்கள், பெண் பிள்ளைகளுக்குச் சொப்புச் சாமான் வாங்கிக் கொடுப்பார்கள். ரயில் ஓட்டணும்னு ஆசைப்படுகிற பெண் பிள்ளைகளும் இருக்காங்க. ஆசியாவிலேயே முதல் பெண் ரயில் ஓட்டுநர் சுரேகா யாதவ் நம்ம நாட்டுக்காரர்தான், 1980களிலேயே வேலைக்குச் சேர்ந்தவர்.

நாமும் செய்து பார்ப்போம்

காசு வேண்டாம். 5 காலித் தீப்பெட்டி, 20 சோடா மூடி, தென்னை ஈர்க்கு, கொஞ்சம் நூல் போதும். சோடா மூடி நடுவில் ஆணியால் ஓட்டை போடுங்கள் (பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு). ஒரு பெட்டிக்கு இரண்டு ஈர்க்கு, நான்கு சக்கரம். நூலால் பெட்டிகளைக் கோர்த்தால் ரயில் ரெடி. களிமண்ணில் நம்ம மலையைச் செய்யுங்கள். அதில் ரயில் எவ்வளவு சரிவு ஏறும் என்று பாருங்கள். ஊட்டி ரயில் 12 அடி தூரம் போனால் ஒரு அடி உயரும். அதற்கே பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள். நம்ம மலைக்கு எத்தனை சுற்றுச் சுற்றினால் ரயில் செம்மேடு வந்து சேரும்? கணக்குப் போட்டுக் காட்டுபவரின் விடையை அடுத்த இதழில் எழுதுவோம்.



- 9ஆம் வகுப்பு மாணவி