கூட்டுறவுக் கடனுக்கு வழிகாட்டிய ரைஃபைசன்

கறவை மாடு வாங்கவும் பயிர் வைக்கவும் நம் ஊர் கூட்டுறவு கடன் சங்கத்தை நாடுகிறோம். ஊர்க்காரர்களே உறுப்பினர், ஊர்க்காரர்களே நிர்வாகம் என்ற இந்த முறைக்கு வழிகாட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெடெரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். அவர் வங்கி அதிகாரி இல்லை, கிராமங்களை நிர்வகித்த ஒரு தலைவர். பல ஆண்டுகள் முயன்று, தன் முறையில் இருந்த குறையைத் தானே கண்டு திருத்தியவர்.

இளமை

1818 மார்ச் 30 அன்று ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. குடும்பத்தில் வசதி இல்லாததால் மேல்படிப்பு கிடைக்கவில்லை. ஊர்ப் பாதிரியார்தான் பாடம் சொல்லிக் கொடுத்தார். 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர், கண் நோயால் 1843-ல் விலகினார். 1845-ல் வையர்புஷ் பகுதி கிராமங்களுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார்.

பஞ்சமும் ரொட்டிக் கடனும்

1846-ல் விளைச்சல் பொய்த்தது. அந்தக் குளிர்காலத்தில் ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். அரசு மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கம் கொடுப்பவர்களுக்குத்தான் தர வேண்டும் என்பது உத்தரவு. கையில் காசு இல்லாதவர்களுக்கு அதனால் என்ன பயன்? ரைஃபைசன் வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். ஊருக்குப் பொதுவாக ரொட்டி அடுப்பு கட்டி, ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கடனாக ரொட்டி கொடுத்தார்.

மாட்டுக் கடன்

1848-ல் ஃபிளாம்மர்ஸ்ஃபெல்ட் பகுதிக்கு மாற்றலானார். அங்கே விவசாயிகளின் கழுத்தை நெரித்தது மாட்டுக் கடன். வியாபாரி மாட்டைக் கடனாகவோ வாரத்துக்கோ விடுவார். தவணை தவறினால் மாடு போகும். கடன் வட்டியோடு வளர்ந்தால் நிலமும் போகும்.

1849-ல் வசதியான சுமார் 60 பேரை ஒன்று சேர்த்து உதவிச் சங்கம் தொடங்கினார். அவர்கள் தங்கள் சொத்தையே பொறுப்பாக வைத்தார்கள். அந்தப் பலத்தில் சங்கம் பணம் திரட்டி மாடு வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தது. விலையை ஐந்து ஆண்டுகளில் தவணையாகக் கட்டினால் போதும். பாலும் கன்றும் எருவும் தரும் வருமானத்திலேயே கடன் அடையும் என்பதே கணக்கு.

எங்கே குறை?

1852-ல் ஹெடஸ்டார்ஃப் பகுதிக்குத் தலைவரானார். 1854-ல் அங்கும் வசதியானவர்களைக் கொண்டு ஒரு சங்கம் அமைத்தார். ஆண்டுகள் போகப் போக அவர்களின் ஆர்வம் குறைந்தது. பயன் ஒருவருக்கு, பொறுப்பு இன்னொருவருக்கு என்றிருந்தால் சங்கம் நிலைக்காது என்று ரைஃபைசன் உணர்ந்தார்.

1864-ல் அதைக் கலைத்து, கடன் சங்கமாக மாற்றினார். கடன் வேண்டுபவர் உறுப்பினராக வேண்டும். ஒருவர் கட்டத் தவறினால் உறுப்பினர்கள் எல்லோரும் தங்கள் சொத்தோடு பொறுப்பு. அதனால் யாருக்குக் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்பதை எல்லோரும் கவனித்தார்கள். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சங்கத்தின் எல்லை ஓரிரு கிராமங்களோடு நின்றது. கணக்காளரைத் தவிர மற்ற நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. லாபம் சங்கத்தின் சேமநிதியில் சேர்ந்தது.

இதற்கிடையே 1863-ல் மனைவி இறந்தார். பார்வையும் மங்கியதால் 1865-ல் பதவியை விட்டு விலக நேர்ந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மூத்த மகள் அமாலியா கடிதங்களையும் கணக்குகளையும் எழுதித் துணை நின்றார். 1888 மார்ச் 11 அன்று ரைஃபைசன் காலமானபோது, அவர் வழியில் 400-க்கும் மேற்பட்ட சங்கங்கள் இயங்கின.

நம் ஊருக்கு வந்த கதை

1892-ல் சென்னை மாகாண அரசு, ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயப் பணித்தது. 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் வந்த அவரது அறிக்கைகள் ரைஃபைசன் முறையையே வலியுறுத்தின. 1904-ல் கூட்டுறவு கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், நெல் ஆராய்ச்சி நிலையத்தால் நாம் அறிந்த திருவள்ளூர் மாவட்டம் திரூரில், வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கம் தொடங்கப்பட்டது.

நாம் கவனிக்க வேண்டியவை

• வருமானம் தரும் மாடு, ஆடு, கருவி, பயிர் ஆகியவற்றுக்கே கடன் வாங்குங்கள். வாங்கிய காரியத்துக்கே செலவிடுங்கள்.

• பால் பணமா, அறுவடைப் பணமா என்று பார்த்து, பணம் வரும் காலத்துக்கு ஏற்பத் தவணையைக் கேட்டுப் பெறுங்கள்.

• சிறு தொகையானாலும் சங்கத்தில் சேமியுங்கள். ஊர்ச் சேமிப்புதான் ஊருக்குக் கடனாகத் திரும்பும்.

• பேரவைக் கூட்டத்துக்குத் தவறாமல் போய்க் கணக்கைக் கேளுங்கள். உறுப்பினர்கள் கண் வைத்திருக்கும் வரைதான் சங்கம் நம்முடையது.