சம்பளப் பட்டுவாடா குமாஸ்தா கட்டிய அருங்காட்சியகம்

வீரசோழபுரம் என்றதும் நம்மில் பலருக்கு, மாவட்டம் பிரிந்தபோது கலெக்டர் அலுவலகத்துக்குக் கோயில் நிலம் எடுத்த வழக்குதான் நினைவுக்கு வரும். அதே ஊர் சிவன் கோயிலில் 1956-இல் சுந்தரரும் பரவை நாச்சியாரும் சேர்ந்து நிற்கும் வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. விஜயநகர காலத்தது, 16-ஆம் நூற்றாண்டு. பிற்பாடு அது கோயிலில் இல்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. அதையும், திருத்துறைப்பூண்டி நடராஜரையும், மன்னார்குடி பக்கத்து ஆலத்தூர் சோமாஸ்கந்தரையும் இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அந்த அருங்காட்சியகம் 2026 ஜனவரியில் அறிவித்தது.

நம் ஊர்ச் சுவாமி இவ்வளவு தூரம் போய்த் தங்கியிருந்த வீட்டைக் கட்டியவர் யார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கும் ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. தேடிப் படித்ததில் கிடைத்த மனிதர் என்னைப் போன்ற ஒரு கணக்குப்பிள்ளையாக வாழ்க்கையைத் தொடங்கியவர். அதனால் கொஞ்சம் சலுகை காட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சார்லஸ் லாங் ஃபிரீயர். 1854 பிப்ரவரி 25-இல் நியூயார்க் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போனார். அடுத்து ஒரு கடையில் குமாஸ்தா. பையன் கணக்கு எழுதும் சுத்தத்தை ஃபிராங்க் ஹெக்கர் என்ற ரயில்வே அதிகாரி பார்த்தார். தன் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டு சம்பளப் பட்டுவாடா வேலையைக் கொடுத்தார். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. இருவரும் 1880-இல் டெட்ராய்ட் நகருக்குப் போய் சரக்கு ரயில் பெட்டி செய்யும் தொழிலில் இறங்கினார்கள். அமெரிக்காவெங்கும் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெட்டி செய்தவனுக்குப் பணம் கொட்டியது. 1899-இல் இந்தத் தொழிலில் இருந்த 13 கம்பெனிகளை ஒன்றாக இணைத்ததில் ஃபிரீயருக்குப் பெரிய பங்கு உண்டு. அது முடிந்ததும் தொழிலை விட்டு விலகிவிட்டார். வயது நாற்பத்தைந்து. நாமெல்லாம் அந்த வயதில் அடுத்த பிரமோஷனுக்கு எந்த ஊருக்குத் தூக்கியடிப்பார்களோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடம்பும் நரம்புத் தளர்ச்சியால் அடிக்கடி படுத்தியது. படம் சேர்ப்பது மட்டும் பழக்கமாக ஒட்டிக்கொண்டது. விஸ்லர் என்ற அமெரிக்க ஓவியரின் அச்சுப் படங்களில் ஆரம்பித்து, 1890-இல் லண்டன் போய் அவரையே நேரில் பார்த்தார். விஸ்லர் யாரோடும் ஒத்துப்போகாத சண்டைக்காரர். இவரோடு மட்டும் சினேகமானார். கிழக்கு நாடுகளின் கலையைப் பார், அங்கேதான் விஷயம் இருக்கிறது என்கிற ரீதியில் இவர் மனத்தைத் திருப்பிவிட்டவர் அவர்தான். 1894-இல் ஃபிரீயர் கப்பலேறி இலங்கை, இந்தியா, ஜப்பான் என்று சுற்றினார்.

விஸ்லரைப் பற்றி ஒரு கணக்கு விவகாரம் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லண்டனில் லேலண்ட் என்ற கப்பல் முதலாளி வீட்டுச் சாப்பாட்டு அறையை, முதலாளி ஊரில் இல்லாத நேரத்தில் விஸ்லர் தன் இஷ்டத்துக்கு நீலமும் தங்கமுமாக மயில்கள் வரைந்து நிரப்பிவிட்டார். கூலியாக 2,000 கினி கேட்டார். லேலண்ட் கொடுத்தது பாதி, அதுவும் கினியாக அல்ல, பவுனாக. ஒரு கினி 21 ஷில்லிங், ஒரு பவுன் 20 ஷில்லிங். கலைஞர்களுக்குக் கினியில் கொடுப்பது மரியாதை, கடைக்காரனுக்குப் பவுன். அந்த ஒரு ஷில்லிங் குறைவில் இருந்த அவமானம் விஸ்லருக்குப் புரிந்தது. இரண்டு மயில்கள் சண்டை போடுவதாக அதே சுவரில் வரைந்து, கொழுத்த மயிலின் காலடியில் காசுகளைச் சிதறவிட்டார். அந்த அறை முழுவதையும் 1904-இல் ஃபிரீயர் விலைக்கு வாங்கி, பலகை பலகையாகக் கழற்றி, கப்பலில் டெட்ராய்ட் கொண்டுவந்து மாட்டினார். இன்று அது வாஷிங்டனில் இருக்கிறது.

அதே ஆண்டுக் கடைசியில் தன் சேகரிப்பு முழுவதையும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மூலம் நாட்டுக்கே கொடுப்பதாக எழுதினார். கட்டடம் கட்டவும் தானே பணம் தருவதாகச் சொன்னார். முதலில் ஐந்து லட்சம் டாலர் என்றார். முடிவில் பத்து லட்சம் ஆயிற்று. சும்மா வருவதை வாங்கிக்கொள்ள யாருக்கும் தயக்கம் இருக்காது என்றுதானே நினைப்பீர்கள்? நிர்வாகிகள் தயங்கினார்கள். பராமரிப்புச் செலவு யார் தலையில் விழும், இந்தச் சரக்குக்கு உண்மையில் மதிப்பு உண்டா என்று கேள்விகள். (நம் சங்கப் பொதுக்குழுவில் லிஃப்ட் விஷயம் பேசியதை நினைத்துக்கொள்ளுங்கள்.) 1905-இல் நால்வர் குழு டெட்ராய்ட் போனது. வானியல் அறிஞர் லாங்லி, தொலைபேசி கண்டுபிடித்த கிரஹாம் பெல், ஒரு பல்கலைக்கழகத் தலைவர், ஒரு முன்னாள் செனட்டர். கலை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பல நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தும் முடிவு எடுக்கவில்லை. கடைசியில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்ட பிறகே 1906-இல் ஏற்றுக்கொண்டார்கள்.

பத்திரம் எழுதிக் கொடுத்தபோது இருந்தவை ஏறக்குறைய 2,250 பொருள்கள். இறக்கும்போது 9,000-க்கு மேல். கொடுத்துவிட்டோமே என்று அவர் நிறுத்தவில்லை. எகிப்து, ஜாவா, சீனா என்று அலைந்தார். 1907-இல் ஹன்னா என்ற ஆங்கிலேயக் கர்னலிடமிருந்து மொகலாய ஓவியங்களை மொத்தமாக வாங்கினார். அக்பர் காலத்தில் பாரசீக மொழியில் ஆக்கிய இராமாயணச் சித்திர நூலும் அதில் உண்டு. 1910-இல் சீனாவின் லுங்மென் குகைகளில் தங்கிப் புகைப்படம் எடுக்கவைத்தார். எதை வாங்கினாலும் ரசீதும் வவுச்சரும் பத்திரப்படுத்தினார். இன்றும் அந்தக் காகிதக் கட்டுகள் அங்கே இருக்கின்றன. பழைய குமாஸ்தா புத்தி போகுமா?

1911-இல் பக்கவாதம் வந்தது. 1919 செப்டம்பர் 25-இல் நியூயார்க்கில் இறந்தார். அருங்காட்சியகம் திறந்தது 1923-இல், அவர் பார்க்கவில்லை. முதல் இயக்குநர் ஜான் எல்லர்டன் லாட்ஜ். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் நம் ஆனந்த குமாரசுவாமி வேலை பார்த்த அதே காலத்தில் அங்கே ஆசியப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். சோழர் கால வெண்கலத்தில் புகழ்பெற்ற ஒன்று, செம்பியன் மாதேவி என்று பலர் கருதும் அம்மன் உருவம், லாட்ஜ் பொறுப்பில் இருந்தபோது 1929-இல் அங்கே சேர்ந்தது.

நம் சுந்தரர் போன வழி வேறு. ஃபிரீயர் இறந்து அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1987-இல், ஆர்தர் சாக்லர் என்ற மருத்துவர் ஆயிரம் பொருள்களை நன்கொடையாகக் கொடுக்க, ஃபிரீயர் கட்டடத்தின் பக்கத்திலேயே பூமிக்கு அடியில் இன்னொரு அருங்காட்சியகம் திறந்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் இப்போது ஆசியக் கலைக்கான தேசிய அருங்காட்சியகம். அந்த ஆயிரத்தில் ஒன்று வீரசோழபுரத்துச் சிலை. இவ்வளவு வவுச்சர் வைத்த மனிதர் தொடங்கிய இடத்தில், கோயிலிலிருந்து இது எப்படி வெளியே வந்தது என்று வாங்கும்போதே அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். வங்கியில் இப்படி ஒரு ஃபைல் ஆடிட்டில் தாண்டாது. விடை கிடைத்தது 2023-இல். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1956-இல் வீரசோழபுரம் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம் பொருந்திப்போனது. இதற்கு முன்பே, 2022-இல், அதே கோயிலின் ஆறு சிலைகள் அமெரிக்காவில் இருப்பதாகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போலீசார் தெரிவித்திருந்தார்கள். ஆறில் இது ஒன்று.

சுந்தரர் நம் மாவட்டத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உளுந்தூர்பேட்டை வட்டம் திருநாவலூரில் பிறந்தவர். கல்யாணப் பந்தலில் கிழவர் வேடத்தில் சிவன் வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை என்னிடம் இருக்கிறது என்று வழக்குப் போட்டதும், மூல ஓலையை எடுத்துக் காட்டி ஜெயித்ததும் பெரியபுராணக் கதை. பரவையார் திருவாரூர்க்காரர்.

மூன்றில் நடராஜரை மட்டும் இந்திய அரசின் சம்மதத்தோடு நீண்டகாலக் கடனாக வாஷிங்டனிலேயே வைத்திருக்கப் போகிறார்கள். மீட்டு வரும் சிலைகள் பலவும் பாதுகாப்புக் காரணம் சொல்லி திருவாரூர் சிலைகள் காப்பகத்துக்குப் போய்விடுகின்றன. பரவையாருக்கு அது பிறந்த வீடு. ஆனால் சிலை இருந்தது வீரசோழபுரத்தில். பூட்டு, கேமரா, காவலாள் என்று கோயிலில் என்ன ஏற்பாடு செய்தால் இங்கேயே வைக்கலாம் என்று இந்து சமய அறநிலையத் துறைக்கு மனு எழுத எண்ணியிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.