உப்புத் தரையில் ஆடிய ஹேண்டில்பார்

மெக்கானிக்கல் பசங்க மட்டும் இல்லை, பைக் சாவி கையில் வைத்திருக்கும் எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒருத்தரைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம். பெயர் பர்ட் மன்ரோ. நியூசிலாந்துக்காரர். 2005-இல் வந்த ‘தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இண்டியன்’ படத்தை ஹாஸ்டல் லேப்டாப்பில் பார்த்தவங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பார்க்காதவங்களுக்கு ஒரே ஒரு விளக்கம்: தலைப்பில் இருக்கிற இண்டியன் நம்ம ஆள் கிடையாது, ஒரு அமெரிக்க பைக் கம்பெனியின் பெயர்.

1899 மார்ச் 25-இல் இன்வர்கார்கில் ஊரில் பிறந்தார். நியூசிலாந்தின் தென்கோடி அது. விவசாயக் குடும்பம். 1920-இல், 21 வயசில், 600 சிசி இண்டியன் ஸ்கவுட் ஒன்றைப் புதுசாக வாங்கினார். அதன் உச்ச வேகம் மணிக்கு 89 கிலோமீட்டர். இன்னைக்கு நம்ம பார்க்கிங்கில் நிற்கிற 100 சிசி வண்டியே அந்த வேகத்தைத் தொட்டுவிடும். ஆனால் மன்ரோ வண்டியை மாற்றவில்லை. 1926-இல் அதைப் பிரித்து மேய ஆரம்பித்தவர், அடுத்த 40 வருஷத்துக்கு மேல் அந்த ஒரே வண்டியோடு கிடந்தார்.

பகலில் மோட்டார்சைக்கிள் விற்பனை, ராத்திரியில் ஷெட். கையில் காசு இல்லை. அதனால் பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் ஆக்சிலைக் கையால் ராவி கனெக்டிங் ராடு செய்தார். பழைய ஸ்போக் கம்பியிலிருந்து மைக்ரோமீட்டர் செய்துகொண்டார். நம்ம லேபில் ஒரு வெர்னியர் காணோம்னா அன்னைக்கு எக்ஸ்பெரிமெண்டே கேன்சல்! வெடித்த பாகங்களை அவர் தூக்கிப் போடவில்லை. வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி அலமாரியில் அடுக்கி வைத்தார். நாலு பிள்ளைகள் பிறந்தார்கள், 1947-இல் விவாகரத்து ஆனது. அதன் பிறகு வேலையையும் விட்டுவிட்டு அந்த ஷெட்டிலேயே குடியேறிவிட்டார்.

இன்ஜின் கதையை எல்லாரும் சொல்வாங்க. நான் சொல்ல வந்தது வேற. ஒரு சின்னக் கணக்குப் போடுங்க. 89 கிமீ வேகத்துக்காகப் பிறந்த வண்டி அமெரிக்காவின் பான்வில் உப்புத் தரையில் 305.89 கிமீ வேகத்தைத் தொட்டது. வேகம் 3.4 மடங்கு. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதால் அது கிட்டத்தட்ட 12 மடங்கு. இன்ஜினை எப்படியாவது தேற்றிவிடலாம். அந்த வேகத்தில் முன் சக்கரம் நேராகப் போகணுமே, அதை யார் பார்த்துக்கொள்வது?

இங்கேதான் ஸ்டீயரிங் ஜியாமெட்ரி வருது. ஹேண்டில்பார் திரும்புகிற அச்சு நேர்க்குத்தாக இல்லாமல் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் ரேக். அந்த அச்சை ஒரு கோடாக நீட்டித் தரையைத் தொட விடுங்க. அது தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் டிரெயில். இது இருப்பதால்தான் சக்கரம் தானாக நேருக்குத் திரும்புகிறது.

அப்போ டிரெயில் நிறைய இருந்தால் ஆபத்தே இல்லையா? சூப்பர் மார்க்கெட் டிராலியின் முன் சக்கரத்தைப் பாருங்க. அதற்கும் டிரெயில் இருக்கு. வேகமாகத் தள்ளினால் படபடன்னு அடிச்சுக்கும். நேருக்கு இழுக்கும் விசை இருந்தால் மட்டும் போதாது, ஆட்டத்தை அடக்கும் டேம்பிங்கும் வேணும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் படித்தவங்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: வேகம் ஏற ஏற போல் வலப்பக்கம் நகரும். அது அச்சைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதை விடப் பெரிசாகும். அதற்கான சக்தியை வண்டியின் சொந்த வேகமே கொடுக்கும்.

ஆட்டத்திலும் இரண்டு ஜாதி. ஹேண்டில் மட்டும் நொடிக்கு 4 முதல் 10 முறை உதறினால் அது வாபிள். முழு வண்டியும் நொடிக்கு 1 முதல் 4 முறை பாம்பு மாதிரி நெளிந்தால் அது வீவ். ஸ்டீயரிங் டேம்பர் மாட்டினால் முதலாவது அடங்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் இரண்டாவது மோசமாகலாம். டேம்பர் மாட்டியாச்சு, இனி கவலையில்லைன்னு சொல்றவங்களை நம்பாதீங்க.

மன்ரோவின் வண்டிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. காற்றைக் கிழிக்க மீன் மாதிரி ஒரு கூடு செய்து வண்டியை மூடியிருந்தார். அவர் அதுக்குள் படுத்துக்கொண்டுதான் ஓட்டணும். அம்பு ஏன் நேராகப் போகுது? இறகு பின்னால் இருக்கு, எடை முன்னால் இருக்கு. கூடு போட்ட வண்டியில் காற்று தள்ளும் மையம் எடை மையத்துக்கு முன்னால் போய்விட்டால், அது இறகை முன்னால் வைத்து எய்த அம்புதான். போதாக்குறைக்கு, காற்று மூக்கைத் தூக்கினால் முன் டயரின் பிடியும் குறையும். கீழே இருப்பதோ தார் ரோடு இல்லை, உப்பு.

பான்வில்லுக்கு அவர் பத்து முறை போனார். முதல் முறை சும்மா சுற்றிப் பார்க்க. 1962-இல், 63 வயசில், 288 கிமீ வேகத்தில் முதல் உலக சாதனை. 1966-இல் இரண்டாவது.

1967. வயசு 68. ஒரு ஓட்டத்தில் பாதி தூரம் தாண்டியதும் வண்டி ஆட ஆரம்பித்தது. 300 கிமீ வேகம்னா நொடிக்கு 83 மீட்டர். யோசிக்க ஒரு நொடி எடுத்தாலே ஒரு கிரிக்கெட் மைதானத்தின் பாதியைத் தாண்டியிருப்பார். அந்தக் காலத்து ஸ்கவுட் கம்பெனியிலிருந்து வரும்போதே முன் பிரேக் கிடையாது. மன்ரோ கூட்டுக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்தார், தன் உடம்பையே பிரேக்காக்க. காற்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. கண் விழிகள் உள்ளே அழுந்தி எதுவும் தெரியவில்லை. வழிகாட்டும் கறுப்புக் கோட்டை விட்டு வண்டி எங்கேயோ விலகி, ஒரு இரும்புக் கம்பத்தை அங்குல இடைவெளியில் தாண்டியது. கடைசியில் வண்டியைச் சாய்த்துத் தரையில் படுக்க வைத்தார். கொஞ்சம் சிராய்ப்புகளோடு எழுந்து வந்தார். அதே வருஷம் 1000 சிசி பிரிவில் 295.45 கிமீ வேகத்தில் மூன்றாவது உலக சாதனை.

ஒன்று சொல்லியாகணும். எழுந்து உட்கார்ந்தது நீங்கள் காப்பியடிக்க வேண்டிய உத்தி இல்லை. உட்கார்ந்தால் எடை பின்னால் போகும், முன் சக்கரம் இன்னும் லேசாகும். சாதாரண பைக்கில் ஹேண்டில் உதறினால் முன்பக்கம் குனியுங்க, தொடையால் டேங்கை இறுக்குங்க, கைப்பிடியைத் தளர்த்துங்க, ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்க. முன் பிரேக்கை அழுத்தாதீங்க. மன்ரோ ஏற்கெனவே படுத்திருந்தவர், அதற்கு மேல் குனிய அவருக்கு வழியில்லை.

நம்ம பசங்க பண்ணும் மாற்றங்களையும் இதே கண்ணால் பாருங்க. முன் ஃபோர்க்கை மேலே ஏற்றிக் கட்டி மூக்கை இறக்கினாலும், பின் சீட்டைத் தூக்க நீளமான ஷாக் போட்டாலும் ரேக் நிமிரும், டிரெயில் குறையும். அந்தக் குறைந்த டிரெயிலோடு தேய்ந்த கோன் செட்டும் காற்று குறைந்த டயரும் சேர்ந்தால் போதும். பின்னால் கனமான பாக்ஸ் கட்டி அதில் லேப்டாப்பும் புத்தகமும் அடைத்தால், முன் சக்கரத்து எடை இன்னும் குறையும். மாற்றம் பண்ணுங்க, ஆனால் பண்ணுவதற்கு முன் டிரெயிலை ஒரு நூலும் ஸ்கேலும் வைத்து அளந்து எழுதி வைங்க, பண்ணிய பிறகும் அளங்க. கால் மணி நேர வேலை.

1977-இல் மன்ரோவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் பழையபடி ஒத்துழைக்கவில்லை. வண்டிகள் ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு உள்ளூர் வியாபாரி ஒருவருக்கே விற்றுவிட்டு, 1978 ஜனவரி 6-இல் காலமானார். இன்வர்கார்கிலில் ஒரு ஹார்டுவேர் கடைக்குள் அவர் வண்டியை இன்றும் பார்க்கலாம்.

அவர் இறந்து 36 வருஷம் கழித்து, 1967 சாதனையின் சராசரியில் ஒரு கணக்குப் பிழை இருப்பதை அவர் மகன் கண்டுபிடித்தார். 2014-இல் திருத்தினார்கள். புது எண் மணிக்கு 296.26 கிமீ.