அரசரின் பால்ய சிநேகிதர்



பல வருஷங்களாய்க் காணாத சிநேகிதர் ஒருவர் திடீரென்று உங்கள் வாசற்படியில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? ஓடிப்போய்க் கையைப் பிடிப்பீர்கள், பாயை விரிப்பீர்கள், இன்னும் இரண்டு நாள் தங்கித்தான் போகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவீர்கள். அன்பு அப்படித்தான் செய்யும். ஆனால் சர்வேசுரன் அவருக்கு வேறோர் இடத்தில் வேலை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவரைப் பிடித்து நிறுத்துவது அன்பா, அனுப்பி வைப்பது அன்பா? முன்னூறு வருஷங்களுக்கு முன் போர்த்துக்கல் தேசத்து அரசர் ஒருவருக்கு இந்தச் சோதனை வந்தது. அவர் வாசலில் வந்து நின்றவர், ஓரியூரில் இரத்தம் சிந்திய நம் அர்ச். அருளானந்தர்.

அவருடைய சொந்தப் பெயர் ஜான் தெ பிரிட்டோ. 1647-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி லிஸ்பன் நகரில் பெரிய குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் பிரேசில் தேசத்தில் கவர்னராயிருந்து அங்கேயே மரித்தார். பிள்ளை சிறுவயதிலேயே அரண்மனையில் இளவரசருக்குத் தோழனாகச் சேர்க்கப்பட்டான். இளவரசர் பேதுரு அவனைவிட ஒரு வயது இளையவர். ஒன்றாய்ப் படித்து ஒன்றாய் விளையாடி வளர்ந்த அந்த நட்பு, இருவருடைய ஆயுள் முழுவதும் அறுந்து போகவில்லை.

ஒருமுறை ஜான் கடும் வியாதியாய் விழுந்தான். பிழைப்பான் என்று நம்ப இடமில்லை. தாயார் அர்ச். சவேரியாரிடம் முறையிட்டு, பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபையாரின் அங்கியை உடுத்துவதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்ந்தபடியே சின்னஞ்சிறு கறுப்பு அங்கி தரித்து அரண்மனையில் நடமாடினான். பிரபுக்களும் சீமாட்டிகளும் அவனைச் சின்ன அப்போஸ்தலர் என்று செல்லமாய் அழைத்தார்கள்.

அந்தத் தாய் கேட்டது மகனின் உயிரை மாத்திரமே. சவேரியாரோ மகனையே கேட்டுக்கொண்டார்! 1662-ம் வருஷம், பதினைந்து வயதில், ஜான் சேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றதும், சவேரியார் நடந்த நாட்டுக்கே போகவேண்டுமென்று புறப்பட்டார். தாயார் தம்மாலான மட்டும் தடுத்துப் பார்த்தார். 1673-ம் வருஷம் கப்பல் ஏறிவிட்டது.

மதுரை மிஷனில் அவர் பட்ட பாடுகளை நீங்கள் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். காவி உடுத்து, தலைப்பாகை கட்டி, மாமிசம் தள்ளி, பண்டார சுவாமியாய் ஊர் ஊராய்க் கால்நடையாய் நடந்தார். 1686-ம் வருஷம் மறவ நாட்டில் அவரையும் உபதேசிமாரையும் பிடித்து, சங்கிலியால் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, குட்டை நீரில் திரும்பத் திரும்ப முக்கி உபாதித்தார்கள். கடைசியில் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியின் முன் நிறுத்தினார்கள். அவரோ, இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டு, உயிரோடு விட்டுவிட்டார்.

சிநேகிதரே, இங்கே சற்று நின்று பாருங்கள். அன்று சேதுபதி அவரைக் கொன்றிருந்தால் நான் சொல்ல வந்த சந்திப்பே நடந்திராது. விடுதலையான அவரை மேலதிகாரிகள் மிஷன் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687-ல் அவர் லிஸ்பன் வந்து சேர்ந்தார். ஊரை விட்டுப் போய்ப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. இளவரசர் பேதுரு இப்போது அரசர்.

அரசருக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் திரும்பி வந்தவர் பழைய அரண்மனைப் பிள்ளையல்ல. சொந்த ஊரிலும் மாமிசம் தொடாமல், தரையில் படுத்து, மதுரை மிஷன் ஒழுங்கின்படியே நடந்தார். கொயிம்பிரா முதலான இடங்களில் உள்ள சபை மடங்களுக்குப் போய், நம் தேசத்துக்கு வர மனமுள்ள குருக்களைத் தேடினார். அரசர் அவரைத் தம்மருகிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். தம் மகனுக்கு ஆசிரியராயிருக்கும்படி கேட்டார். இது சாதாரண கௌரவமா? நல்ல அரசனை உருவாக்குவதும் புண்ணியமான வேலைதானே? வயது சென்ற தாயாரும் அதே ஊரில் இருந்தார். தங்கிவிட எத்தனையோ நல்ல காரணங்கள்!

ஆனால் வைகை நாட்டில் குரு இல்லாமல் தவிக்கும் கிறிஸ்தவர்களை அவர் மறக்கவில்லை. அரண்மனையில் போதிக்க அநேகர் கிடைப்பார்கள், மறவ நாட்டுக்குப் போக எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பதே அவர் எண்ணம். அரசர் நினைத்தால் அதிகாரத்தால் தடுத்திருக்கலாம். கடைசியில் சிநேகிதரின் மனதுக்கு இடங்கொடுத்து அனுப்பி வைத்தார். 1690-ல் அருளானந்தர் மறுபடியும் இந்தியா வந்து சேர்ந்தார்.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கடும் வியாதியாயிருந்த தடியத்தேவர், உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேஷம் வாசித்து ஜெபித்தபின் சுகமடைந்தார். ஞானஸ்நானம் பெறுவதற்காக, முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவினளான கடலாயி. முன்பு உயிர்ப்பிச்சை தந்த அதே சேதுபதியிடம் அவள் முறையிட்டாள். 1693-ம் வருஷம் பெப்ருவரி 4-ந் தேதி ஓரியூரில் அருளானந்தர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

செய்தி லிஸ்பனுக்கு எட்டியது. அரசர் துக்கம் கொண்டாடவில்லை. தேவாலயத்தில் நன்றி வழிபாடு நடத்தினார். தாயாரும் கறுப்பு உடுத்தாமல் திருநாள் உடுப்போடு வந்தார். ஒரு காலத்தில் அவரைத் தடுத்து நிறுத்தப் பார்த்த இருவரும், அன்று சேர்ந்து சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்னார்கள். 1947-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

வாசகரே, அரசரிடம் ஒன்றைப் படித்துக்கொள்ளுங்கள். வந்த சிநேகிதரை முழு மனதோடு வரவேற்பது நல்லது. அழுதுகொண்டாவது அவரை அனுப்பி வைப்பது அதைவிட நல்லது. உங்கள் மகன் குருமடத்துக்கோ, மகள் கன்னியர் மடத்துக்கோ போக விரும்பும் நாளில் லிஸ்பன் நகரத்துத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். என்றோ அவர் செய்த ஒரு நேர்ச்சையின் பலனை இன்று ஓரியூர்ச் செம்மண்ணில் முழங்காலிடும் நாம் அனுபவிக்கிறோம். நாம் இன்று அனுப்பி வைப்பவர்களால் எந்த ஊரில் யார் பிழைப்பார்களோ, சர்வேசுரனுக்குத்தான் தெரியும்.

அர்ச். அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.