ஒப்புரவாளர் பால் ஹாரிஸ்

திருக்குறளின் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் முன் நிற்க, ஈகை அதனை அடுத்து வருகின்றது. கொடுப்பதற்கு முன்னர்க் கூடி வாழ அறிதல் வேண்டும் என்பதனை இவ்வைப்புமுறை உணர்த்துவதாக நாம் கொள்ளலாம். அம்முறைக்கு இலக்கியமாக அமைந்தது, கடல் கடந்த நாட்டு வழக்கறிஞர் ஒருவரின் வாழ்வு. ரோட்டரி சங்கத்தைத் தோற்றுவித்த பால் ஹாரிஸ் அவர்களே அப்பெருமகனார்.

நம் புதுச்சேரி நகரின் தெருப்பெயர்களை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வேளாளர் தெரு, முல்லா வீதி என இனத்தாலும் தொழிலாலும் பிரிந்து வாழ்ந்த மக்களின் சுவடுகளை அப்பெயர்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. வாய்க்காலின் கிழக்கே வெள்ளையர் நகரும் மேற்கே தமிழர் நகரும் தனித்தனியே இருந்தன. இத்தகைய ஊரில் மருத்துவரும் வழக்கறிஞரும் வணிகரும் ஆசிரியரும் சமயம் கடந்து ஒரே பலகையைச் சுற்றி அமர்ந்து, பிறர்க்காக என்ன செய்யலாம் என்று கலந்து பேசுதல் எளிய செயலன்று. அத்தகைய அவைக்கு வித்திட்டவரின் வரலாற்றை மாணவர் அறிதல் நலம்.

பால் ஹாரிஸ் 1868ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்து ரேசீன் நகரில் பிறந்தார். தந்தையார் தொழிலில் நொடித்துப்போகவே, மூன்று வயதில் வெர்மான்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்டு என்னும் சிற்றூரில் பாட்டனார் இல்லம் சென்று சேர்ந்தார். பாட்டனாரின் நேர்மையும் பாட்டியாரின் பரிவும் அவரை வளர்த்தன. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பெயரிட்டு அழைத்து, இன்பதுன்பங்களில் பங்குகொண்ட அவ்வூர் வாழ்க்கை அவர்தம் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

ஆயினும், இளமையில் அவர் அடக்கமுடைய மாணவராக இருந்தாரல்லர். குறும்பின் காரணமாகப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். பின்னர்த் தெளிந்து, அயோவா பல்கலைக்கழகத்தில் 1891இல் சட்டப் பட்டம் பெற்றார். உடனே வழக்கறிஞர் தொழிலில் இறங்காது, ஐந்தாண்டுகள் உலகியலைக் கற்கப் புறப்பட்டார். செய்தியாளராகவும் நாடக நடிகராகவும் மாடு மேய்ப்பவராகவும் சலவைக்கல் விற்பனையாளராகவும் அவர் உழைத்தார். உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்பதை ஏட்டில் படியாது பட்டறிவால் உணர்ந்தார்.

1896இல் சிகாகோ நகரில் வழக்கறிஞராக அமர்ந்தார். தொழில் வளர்ந்தது, உள்ளத்தில் தனிமையும் வளர்ந்தது. கட்சிக்காரர் பலர் இருந்தும் நண்பர் ஒருவரும் இலர். 1900ஆம் ஆண்டு ஒரு மாலை, உடன் தொழில் புரிவார் ஒருவரோடு அவர் நகரின் புறத்தே உலவச் சென்றார். அந்நண்பர் வழியிலிருந்த கடைக்காரர் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தி அன்போடு அளவளாவியதைக் கண்டதும், வாலிங்ஃபோர்டு அவர் நினைவில் எழுந்தது. பெருநகரிலும் அச்சிற்றூரை உண்டாக்கல் இயலாதா என்னும் எண்ணம் ஐந்தாண்டுகள் அவர் உள்ளத்தில் கனன்றது.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோர் என்பாரின் அலுவலகத்தில் நால்வர் கூடினர். ஹாரிசும் லோரும் அன்றி, நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல், தையற்கடை உரிமையாளர் ஹைரம் ஷோரி ஆகியோர் ஏனை இருவர். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் கூடியமையால் ரோட்டரி என்னும் பெயர் அமைந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது விதி. தாம் தோற்றுவித்த சங்கத்தின் முதல் தலைமைப் பொறுப்பை ஹாரிஸ் ஏற்கவில்லை. ஷீலே முதல் தலைவரானார்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தொடக்கத்தில் அச்சங்கத்தின் நோக்கம் தொண்டன்று. நட்பும், உறுப்பினர் ஒருவர்க்கொருவர் வணிகம் தேடித் தருவதுமேயாகும். 1906இல் சேருமாறு அழைக்கப்பட்ட டொனால்டு கார்ட்டர் என்னும் வழக்கறிஞர், ஊருக்குப் பயன்படாத சங்கம் நெடுநாள் நிலைக்காது எனக் கருதித் தயங்கினார். இடித்துரைத்தவரைப் பகையாமல், சேர்ந்து திருத்தித் தருமாறு வேண்டியது அச்சங்கத்தின் பெருமை. 1907இல் ஹாரிஸ் தலைவரானார். சிகாகோ நகர்மன்றத்தருகே பொதுமக்களுக்குக் கழிப்பறை அமைத்தல் வேண்டும் என்பதே அவர்கள் மேற்கொண்ட முதற் பெரும் பணி. பெயர் பொறித்துக்கொள்ளப் பலரும் கூசும் பணி அது. எனினும் எளியவர்க்கு நாள்தோறும் வேண்டுவது அதுவேயன்றோ?

1908இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் தோன்றியது. 1910இல் பதினாறு சங்கங்கள் இணைந்தன. அவ்வமைப்பின் முதல் தலைவராக 1912 வரை ஹாரிஸ் பணியாற்றினார். பின்னர்த் தலைமையைப் பிறரிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். பொதுச்செயலர் செஸ்லி பெர்ரி 1942 வரை அமைப்பைக் கட்டி வளர்த்தார். 1920இல் கொல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் சங்கங்கள் வேரூன்றின. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962ஆம் ஆண்டிலேயே, கொல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லாகரி ஆசியாவின் முதல் உலகத் தலைவரானார். சிகாகோவிலேயே 1917இல் மெல்வின் ஜோன்ஸ் நிறுவிய அரிமா சங்கமும் இத்தொண்டு நெறியில் உடன் வளர்ந்தது.

இச்சங்கங்களின் குறிக்கோள்களுள் நாம் சிறப்பாகப் போற்றத்தக்கது, தொழிலையே தொண்டாகக் கருதும் கொள்கையாகும். முகாமில் ஒரு நாள் இலவசமாக மருத்துவம் பார்த்தவர், மறுநாள் தம் மருத்துவமனையில் ஏழையிடம் மிகைப்பொருள் கொள்வாராயின் அது தொண்டாகாது. நம் மார்க்கம் அமானிதம் என்று வழங்கும் பொறுப்புணர்வும் இதுவே. கற்ற கல்வியும் வகிக்கும் பதவியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்கள்; அவற்றுக்கு நாம் கணக்குக் காட்டியாக வேண்டும்.

ஹாரிஸ் வரைந்த வட்டத்திலும் குறை இருந்தது. நெடுங்காலம் அதில் மகளிர்க்கு இடமில்லை. அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் 1987ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், 1989இல்தான் உலகெங்கும் கதவு திறந்தது. தொண்டின் பேரால் கூடுவோரும் தம் வாயிலில் எவரை நிறுத்தி வைத்துள்ளோம் என்று அடிக்கடி எண்ணிப் பார்த்தல் கடன் என்பதற்கு இதுவே சான்று.

பால் ஹாரிஸ் 1947ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார். நண்பர் ஷீலின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் நினைவாகக் குவிந்த நன்கொடைகள் மலர்வளையமாக வாடிப்போகாமல், பிறநாடு சென்று பயிலும் மாணவர்க்கு உதவித்தொகையாயின. முதலில் 18 பேர் பயன்பெற்றனர். 1985இல் ரோட்டரி தொடங்கிய இளம்பிள்ளைவாத ஒழிப்புப் பணி, அரசுகளோடும் உலக நல நிறுவனத்தோடும் கைகோத்து நடந்தது. இந்தியாவில் 2011 சனவரிக்குப் பின் அந்நோய் காணப்படாமையால், 2014இல் நம் நாடு அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது. வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்தூட்டிய எண்ணற்ற ஊழியர், தொண்டர் ஆகியோரின் பெயர்களை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை.

வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது என்பது நாம் பயின்ற நெறி. இன்றோ, வழங்கும் பொருளினும் பதாகை பெரிதாகவும், பெறுவோரினும் புகைப்படத்தில் நிற்போர் மிகுதியாகவும் அமையும் விழாக்களைக் காண்கின்றோம். பெறுபவர் முகம் நாணத்தால் தாழுமாயின், அங்கே ஈகை இருக்கலாம், ஒப்புரவு இல்லை. இக்கல்லூரியினின்று பட்டம் பெற்று மருத்துவராகவும் ஆசிரியராகவும் வணிகராகவும் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்கள் முதலில் அடுத்த தெருவினரோடு நட்புக் கொள்வார்களாக. அந்நட்பிலிருந்து தொண்டு தானே பிறக்கும். தனிமையில் வாடிய வழக்கறிஞர் ஒருவர் மூன்று நண்பர்களோடு தொடங்கிய வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவேயாம்.